அலையும் மலையும் ஆண்களுக்கு மட்டுமா?

 

உம்றாவுக்குச் செல்லும் நம்மவர்கள் சிலர் திரும்பும் வழியில் துருக்கியையும் பார்த்து வருகிறார்கள். இஸ்தான்பூலின் பள்ளிவாசல்களைத் தரிசித்த பின்னர், வசதியுள்ளவர்கள் தெற்கே இறங்கி மத்தியதரைக் கடலோரத்திலும் சில நாட்கள் தங்குகிறார்கள். மலையிலிருந்து பறத்தல், ஆற்றில் படகோட்டல், கடலில் துடுப்புப் போடுதல் என்று அங்கே பல வீர விளையாட்டுகள் உண்டு. பயண முகவர்களின் பிரசுரங்களிலும் அவற்றின் படங்களே முதலில் கண்ணில் படுகின்றன.

இது பற்றி ஒரு சகோதரி எழுதிய கடிதம் என் முன்னால் இருக்கிறது. கணவர், இரண்டு மகன்மார், பதினான்கு வயது மகள் ஆகியோருடன் அவர் அங்கே போயிருக்கிறார். முதல் நாள் கணவரும் மகன்மாரும் மலையிலிருந்து பறந்தார்கள். அடுத்த நாள் றப்பர் படகில் ஆற்றில் போனார்கள். இரண்டு நாளும் தாயும் மகளும் செருப்பு, பை, கைபேசி எல்லாவற்றையும் காத்துக்கொண்டு கரையில் இருந்தார்கள். அப்போது மகள், "உம்மா, இது நமக்கு ஹராமா, இல்லாட்டி நம்மளக் கூட்டிப்போக வாப்பாக்கு நேரமில்லையா?" என்று கேட்டிருக்கிறாள். அந்தச் சகோதரி எழுதுகிறார்: "ஹஸ்ரத், எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நீங்கள் சொல்லுங்கள்."

பிள்ளையின் கேள்வி சிறியதல்ல. மார்க்கம் எங்கே தடுக்கிறது, நமது சோம்பல் எங்கே தடுக்கிறது என்று அவள் பிரித்துக் கேட்கிறாள். நாமும் பிரித்தே பார்ப்போம்.

முதலில் அந்தக் கடலோரம் எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்வோம். துருக்கியின் தென்மேற்கு மூலையில் ஃபெத்தியே என்றொரு துறைமுக ஊர் உண்டு. அதற்கு அருகே ஒலுதெனிஸ் என்ற குடா இருக்கிறது. அந்தப் பெயருக்கு 'இறந்த கடல்' என்பது பொருள். புயற்காலத்திலும் அலையடங்கிக் கிடப்பதால் வந்த பெயர் அது. குடாவுக்கு மேலே பாபாதாக் என்ற மலை எழுந்து நிற்கிறது. 'பாபா' என்றால் வாப்பா, 'தாக்' என்றால் மலை. அதன் உயரம் ஏறக்குறைய 2,000 மீற்றர். 2,243 மீற்றர் உயரமான நமது பாவா ஆதம் மலையை விடச் சற்றுக் குறைவுதான். ஆனால் இந்த மலை கடலோரத்திலேயே செங்குத்தாக எழுவதால், உச்சியில் நிற்பவரின் காலுக்கு நேர் கீழே கடல் தெரியும். பாராகிளைடிங் என்னும் துணிச்சிறகுப் பறப்புக்கு உலகெங்கும் பெயர் பெற்ற இடம் இது. தேர்ந்த ஓட்டுநர் ஒருவருடன் பயணியையும் வாரால் பிணைத்து, மலைச்சரிவில் சில அடி ஓடிப் பறக்கிறார்கள். அரை மணி நேரமளவில் கடற்கரையில் வந்து இறங்குகிறார்கள். 2021ஆம் ஆண்டு முதல் உச்சிக்குச் செல்லக் கம்பிவட ஊர்தியும் உண்டு.

நடக்க விரும்புவோருக்கு அங்கிருந்தே லிசிய வழி என்ற நெடும்பாதை தொடங்குகிறது. பழைய கழுதைப் பாதைகளையும் ஆட்டிடையர் தடங்களையும் இணைத்து, கேட் க்ளோ என்ற ஆங்கிலேயப் பெண் இதை உருவாக்கினார். 1999இல் திறந்துவைக்கப்பட்ட இந்தப் பாதை, 500 கிலோமீற்றருக்கும் அதிகமான தூரம் கடலையும் மலையையும் தொட்டுக்கொண்டு அந்தல்யா நகரத்துப் பக்கம் வரை போகிறது. பாறைகளில் சிவப்பும் வெள்ளையுமாகத் தீட்டிய கோடுகளே வழிகாட்டி. முழுவதையும் நடக்க ஒரு மாதமளவு வேண்டும். குடும்பத்தோடு போகிறவர்கள் இரண்டு மணி நேரத் துண்டொன்றைத் தெரிவுசெய்து நடக்கலாம்.

சக்லிகெந்த் என்ற மலைப்பிளவு 18 கிலோமீற்றர் நீளமானது. உருகிய பனியின் குளிர் நீரில் இறங்கி, இரு பக்கமும் வானளாவிய பாறைச் சுவருக்கிடையே அதில் நடக்கலாம். அந்தல்யாவுக்குக் கிழக்கே கொப்ருலு பள்ளத்தாக்கில், றோமர் காலத்துக் கற்பாலத்தின் பக்கமாக ஓடும் ஆற்றில் றப்பர் படகில் போகிறார்கள். கெகோவா தீவின் கரையோரத்தில், நிலநடுக்கத்தால் கடலுக்குள் இறங்கிப்போன பழைய ஊரொன்றின் சுவர்களும் படிகளும் தெளிந்த நீரின் அடியில் தெரிகின்றன. கயாக் என்னும் சிறு துடுப்புப் படகில் அதன் மேலால் மெதுவாகப் போகலாம். இடிபாடுகளைக் காக்க வேண்டும் என்பதால் அங்கே நீந்துவதற்கும் மூழ்குவதற்கும் தடை உண்டு. பூமியில் பயணம் செய்து, முன்சென்ற சமூகங்களின் முடிவு எவ்வாறிருந்தது என்று பார்க்கும்படி அல்குர்ஆன் பல இடங்களில் நம்மை ஏவுகிறது. ஒரு காலத்தில் அடுப்பெரிந்த வீட்டுப் படிக்கட்டின் மேல் மீன் நீந்துவதைப் பார்க்கும் உள்ளம் எதை நினைக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

இவற்றையெல்லாம் "வெள்ளைக்காரன் கண்டுபிடித்த வீண் விளையாட்டு" என்று ஒரேயடியாக ஒதுக்குகிறவர்கள் நம்மில் உண்டு. அவர்கள் றஸூலுல்லாஹ் (ஸல்) அவர்களின் வாழ்வைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். பலமுள்ள முஃமின் பலவீனமான முஃமினை விடச் சிறந்தவர், அல்லாஹ்வுக்கு அதிகம் விருப்பமானவர், எனினும் இருவரிடத்திலும் நன்மை உண்டு என்று கற்றுத் தந்தவர்கள் அவர்கள். ருகானா என்ற மல்லருடன் மற்போர் செய்து அவரை வீழ்த்தியவர்கள். குதிரைகளை ஓடவிட்டுப் பந்தயம் வைத்தவர்கள். அல்லாஹ்வின் நினைவு கலவாதவை அனைத்தும் வீண் என்று சொல்லி, அதிலிருந்து விலக்களித்த நான்கு காரியங்களில் நீச்சல் கற்பதையும் சேர்த்தவர்கள்.

பெண்களின் விடயத்தில் அன்னை ஆயிஷா (ரழி) அவர்கள் அறிவிக்கும் சம்பவத்தை நீங்கள் கேட்டிருப்பீர்கள். ஒரு பயணத்தில் நபி (ஸல்) அவர்கள் தம் மனைவியுடன் ஓட்டப் பந்தயம் ஓடினார்கள். அன்னையவர்கள் வென்றார்கள். சில காலத்தின் பின்னர், அன்னையவர்களின் உடல் சற்றுப் பருத்திருந்த வேளையில், மீண்டும் ஓடினார்கள். இம்முறை நபியவர்கள் வென்றார்கள். அன்றைய தோல்விக்கு இது ஈடு என்று சிரித்தபடி சொன்னார்கள்.

இந்த ஹதீஸைக் கணவன் மனைவி அன்புக்கு உதாரணமாக மட்டுமே நாம் பயான்களில் சொல்கிறோம். அதில் இன்னொரு விடயம் இருக்கிறது. பந்தயத்துக்கு முன்னர் நபியவர்கள் கூட வந்த தோழர்களை முன்னே நடக்கச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அதன் பிறகுதான் மனைவியை ஓட அழைத்தார்கள். மனிதர்கள் நிற்கிறார்களே, ஆகவே நீ ஓடாதே என்று சொல்லவில்லை. மனிதர்களை அப்புறப்படுத்திவிட்டு, வா ஓடுவோம் என்றார்கள். வெட்கம் காக்கப்பட்டது, விளையாட்டும் நடந்தது. அந்த ஏற்பாட்டைச் செய்யும் பொறுப்பை ஆண் ஏற்றுக்கொண்டார்.

சகோதரியின் மகளுக்கு நான் சொல்லும் பதிலின் வேர் இதுதான். ஹயா என்பது பெண்ணைக் கரையில் இருத்துவதற்கான காரணமல்ல. அவளுக்குத் தகுந்த ஏற்பாட்டைச் செய்வதற்கான காரணம்.

மத்தியதரைக் கடலைப் பேசும்போது உம்மு ஹராம் (ரழி) அவர்களை விட்டுவிட்டுப் பேச முடியாது. அன்ஸாரிப் பெண்மணியான அவர்களின் வீட்டில் நபி (ஸல்) அவர்கள் பகற்றூக்கம் கொண்டு, சிரித்தவாறு எழுந்தார்கள். காரணம் கேட்டபோது, தம் உம்மத்தினர் சிலர் சிம்மாசனத்தில் அமர்ந்த அரசர்களைப் போலக் கடலின் மேல் செல்வதாகக் கனவில் காட்டப்பட்டதைக் கூறினார்கள். "அதைக் கேட்டு அந்த அம்மையார் என்ன சொல்லியிருப்பார்?" என்று நான் என் மாணவர்களிடம் கேட்பதுண்டு. "ஆண்களுக்காக துஆச் செய்யுங்கள் என்றிருப்பார்" என்று சிலர் சொல்வார்கள். அப்படியல்ல. அவர்களில் என்னையும் ஆக்கும்படி துஆச் செய்யுங்கள் என்றுதான் கேட்டார்கள். நபியவர்களும் துஆச் செய்தார்கள். நீர் முதற் கூட்டத்தில் இருப்பீர் என்று நன்மாராயமும் கூறினார்கள்.

ஆண்டுகள் கடந்தன. ஷாமின் ஆளுநராக இருந்த முஆவியா (ரழி) அவர்கள் கடற்பயணத்துக்கு அனுமதி கேட்டபோது, மக்களின் உயிருக்கு அஞ்சிய கலீபா உமர் (ரழி) அவர்கள் மறுத்துவிட்டார்கள். பின்னர் கலீபா உஸ்மான் (ரழி) அவர்கள் அனுமதித்தார்கள், எவரையும் வற்புறுத்தி ஏற்றக்கூடாது என்ற நிபந்தனையுடன். ஹிஜ்ரி 28ஆம் ஆண்டு, அதாவது கி.பி. 649 அளவில், சைப்பிரஸ் தீவை நோக்கிக் கப்பல்கள் புறப்பட்டன. உம்மு ஹராம் (ரழி) அவர்கள் தம் கணவர் உபாதா பின் ஸாமித் (ரழி) அவர்களுடன் அவற்றில் இருந்தார்கள். கடலைக் கடந்து கரையிறங்கிய பின்னர், ஏறிய வாகனத்திலிருந்து தவறி விழுந்து வபாத்தானார்கள். சைப்பிரஸின் லார்னக்கா உப்பேரிக் கரையில் ஹாலா ஸுல்தான் தெக்கே என்ற இடத்தில் அவர்களின் கப்ர் இருப்பதாகச் சொல்லப்படுகிறது. இன்றும் மக்கள் அங்கே சென்று வருகிறார்கள்.

அது அறப்போருக்கான பயணம், நாம் பேசுவது பொழுதுபோக்கு. இரண்டும் ஒன்றென்று நான் சொல்ல வரவில்லை. ஆனால், கடல் பெண்ணுக்குரியதல்ல என்றோ, துணிவு பெண்ணுக்கு அழகல்ல என்றோ சொல்ல இந்த வரலாறு இடம் தரவில்லை. உமர் (ரழி) அவர்களின் எச்சரிக்கையும், எவரையும் வற்புறுத்தக்கூடாது என்ற உஸ்மான் (ரழி) அவர்களின் நிபந்தனையும் இன்றும் நமக்குத் தேவையான பாடங்கள். பயந்து நடுங்கும் பிள்ளையை, "நீ ஆம்பிளைதானே" என்று தள்ளி ஏற்றுவது வீரமல்ல.

சரி, எதில் போகலாம், எதில் கூடாது? பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனால் உங்களுக்குப் பயனில்லை. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

மலை நடையிலும் சக்லிகெந்த் போன்ற பள்ளத்தாக்கு நடையிலும் கணவரோ மஹ்ரமான ஆணோ கூட இருந்தால் எந்தத் தடையும் இல்லை. கயாக் படகில் இருவர் அமரும் வகை உண்டு. தாயும் மகளும் ஒன்றில், வாப்பாவும் மகனும் ஒன்றில் போகலாம். ஆற்றுப் படகைக் குடும்பத்துக்கென்று தனியாக எடுத்துக்கொள்ளலாம். வழிகாட்டி பின்னால் அமர்ந்து துடுப்புப் பிடிப்பார். அந்நியர் பலரோடு நெருங்கி உட்காரும் நிலை வராது. காசு சற்றுக் கூடும். பெருமைக்காக வாங்கும் பொருளொன்றைக் குறைத்தால் அது சரியாகிவிடும்.

பாராகிளைடிங் வேறு. அதில் பயணி, ஓட்டுநரின் முன்னால் அவரோடு ஒட்டிப் பிணைக்கப்படுகிறார். பெண்ணொருவர் அந்நிய ஆணுடன் அவ்வாறு பறப்பதை மார்க்கம் அனுமதிக்காது. இதை மழுப்பாமல் சொல்ல வேண்டும். இந்தத் துறையில் பெண் ஓட்டுநர்களும் இருக்கிறார்கள். முன்கூட்டியே விசாரித்து, பெண் ஓட்டுநர் கிடைத்தால் பறக்கலாம். கிடைக்காவிட்டால் கம்பிவட ஊர்தியில் உச்சிக்குப் போய், அல்லாஹ்வின் படைப்பைப் பார்த்து வரலாம். ஆழ்கடல் மூழ்கலிலும் இதே விதிதான். பயிற்றுவிப்பாளர் கையைப் பிடித்தே அழைத்துச் செல்வார் என்பதால், பெண் பயிற்றுவிப்பாளரைக் கேளுங்கள்.

நீச்சலுக்கு ஒதுக்கிடம் தேடுங்கள். பெண்களுக்கெனத் தனி நீச்சல் தடாகம் உள்ள, மது விற்காத ஹோட்டல்கள் அந்தக் கடலோரத்தில் இருக்கின்றன. அந்தல்யாவின் நகர நிர்வாகம் 2014இல் பெண்களுக்கென்றே ஒரு கடற்கரையைத் திறந்தது. அப்படி எதுவும் கிடைக்காத இடத்தில், ஸுப்ஹு தொழுத கையோடு போங்கள். கோடைக்காலக் காலை வேளையில் அந்தக் கடல் பெரும்பாலும் கண்ணாடி போல அசையாமல் கிடக்கும். கரையிலும் ஆளரவம் இருக்காது.

இங்கே கணவன்மாருக்கும் ஒரு வார்த்தை. மனைவியின் வெட்கத்தைக் காப்பதாகச் சொல்லி அவளைக் கரையில் இருத்திவிட்டு, அரைகுறை ஆடைக் கூட்டத்துக்கு நடுவே தான் மட்டும் நீந்திக் களிப்பவர் யாருடைய வெட்கத்தைக் காக்கிறார்? பார்வையைத் தாழ்த்தும் கட்டளை அல்குர்ஆனில் ஆண்களுக்கே முதலில் வருகிறது. தொப்புளுக்கும் முழங்காலுக்கும் இடைப்பட்ட பகுதியை மறைப்பது அவர்மீதும் கடமை. அந்தக் கடற்கரை மனைவிக்குப் பொருந்தாது என்றால், கணவருக்கும் பொருந்தாது. குடும்பமாக வேறிடம் தேடுங்கள்.

ஆடையைப் பற்றிச் சொல்ல வேண்டியது அதிகம். நமது சகோதரிகள் சிலர் அணிந்திருக்கும் அபாயாவோடேயே தண்ணீரில் இறங்குகிறார்கள். இது ஆபத்தானது. நீண்ட தளர்ந்த துணி தண்ணீரை உறிஞ்சிக் கனக்கும், காலைச் சுற்றும். நீந்தத் தெரிந்தவரையே அது கீழே இழுக்கும். நனைந்து உடலோடு ஒட்டினால் மறைப்பும் போய்விடும். நீச்சலுக்கென்றே தைத்த, முழு உடலையும் தலையையும் மூடும் ஆடை இப்போது கிடைக்கிறது. லெபனானில் பிறந்து அவுஸ்திரேலியாவில் வாழும் ஆஹிதா ஸனெத்தி என்ற முஸ்லிம் பெண் 2004இல் இதை வடிவமைத்து, புர்கினி என்று பெயரிட்டார். தம் சகோதரியின் மகள் ஹிஜாபோடு பந்து விளையாடச் சிரமப்பட்டதைக் கண்டதே அதற்குத் தூண்டுதல். ஒட்டாத தடித்த துணியாகவும், மேலாடை தொடை வரை இறங்குவதாகவும் பார்த்து வாங்குங்கள். படகிலோ மலையிலோ தொங்கும் சால்வை வேண்டாம், ஊசி குத்திய முக்காடும் வேண்டாம். தலையோடு பொருந்தும் ஹிஜாபின் மேல் ஹெல்மட் சரியாக அமரும்.

இந்த ஆடைக்கு ஒரு கதையும் உண்டு. 2016ஆம் ஆண்டு ஜூலை 14இல், பிரான்சின் மத்தியதரைக் கரையிலுள்ள நீஸ் நகரில் ஒருவன் லொறியால் மக்களை மோதி 86 பேரைக் கொன்றான். அந்தக் கொடுமையை நாம் வன்மையாகக் கண்டிக்கிறோம். அதன் பின்னர் கான் நகரில் தொடங்கி 30 அளவிலான நகரசபைகள், உடலை மூடிய முஸ்லிம் பெண்கள் கடற்கரைக்கு வருவதைத் தடைசெய்தன. பொலிஸார் சூழ நின்று ஒரு பெண்ணின் மேலாடையைக் கழற்ற வைத்த படம் உலகெங்கும் வெளியானது. அவ்வாண்டு ஓகஸ்ட் 26இல் பிரான்சின் உயர் நிர்வாக நீதிமன்றம், ஒரு நகரின் தடையை இடைநிறுத்தி, அது அடிப்படைச் சுதந்திரத்துக்கு முரண் என்றது. மூடிய பெண்ணைக் கடலை விட்டு விரட்டுகிறார்கள் என்று அன்று நாம் எல்லோரும் கொதித்தோம். கொதித்தது நியாயம். ஆனால் அதே மூடிய பெண்ணைக் கடலுக்கு விடாமல் நாமே தடுத்தால், அந்த நகரசபைகளைக் குறை சொல்ல நமக்கு என்ன தகுதி இருக்கிறது?

அடுத்து, உயிர்க்காப்பு. உடல் நமது சொத்தல்ல, அமானிதம். நம் கைகளாலேயே நம்மை அழிவில் போட்டுக்கொள்ளக் கூடாது என்பது அல்குர்ஆனின் கட்டளை. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கவா, கட்டாமல் வைக்கவா என்று கேட்டவருக்கு, கட்டிவிட்டு வை என்றார்கள் நபி (ஸல்) அவர்கள். இமாம் புகாரி அவர்கள் அல்அதபுல் முஃப்ரத் என்ற நூலில் பதிவுசெய்துள்ள இன்னொரு ஹதீஸ் இந்த விடயத்துக்கென்றே சொன்னது போல இருக்கிறது. கைப்பிடிச் சுவரில்லாத மொட்டைமாடியில் உறங்கி விழுந்து இறப்பவரும், கொந்தளிக்கும் கடலில் பயணம் செய்து இறப்பவரும், தமக்கிருந்த பாதுகாப்புப் பொறுப்பை விட்டு நீங்கியவர்கள் என்பது அதன் கருத்து. கடலில் போவதை அந்த ஹதீஸ் தடுக்கவில்லை. கொந்தளிக்கும்போது போவதைத் தடுக்கிறது. உயரத்தைத் தடுக்கவில்லை. தடுப்பில்லாத உயரத்தைத் தடுக்கிறது.

ஆகவே சில காரியங்களை மறவாதீர்கள். நீந்தத் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் படகில் உயிர்காப்பு அங்கியை இறுக்கக் கட்டுங்கள். பிள்ளையின் அங்கியைத் தோளில் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். காது வரை ஏறினால் அது பெரிது, மாற்றிக் கேளுங்கள். அனுமதிப்பத்திரம் உள்ள நிறுவனத்தோடு மட்டும் போங்கள். காற்று சரியில்லை என்று ஓட்டுநர் சொன்னால், கொடுத்த காசை நினைத்து வற்புறுத்தாதீர்கள். கர்ப்பிணிகளும், இருதய நோயோ முதுகு நோயோ உள்ளவர்களும் வைத்தியரைக் கேட்காமல் எதிலும் ஏற வேண்டாம். பயணக் காப்பீடுகள் பல இத்தகைய விளையாட்டுகளில் ஏற்படும் காயங்களுக்குப் பணம் தரமாட்டா. புறப்பட முன்னர் பத்திரத்தை வாசியுங்கள். வெயிலில் நடக்கும்போது தண்ணீரைக் குறைக்காதீர்கள்.

தொழுகையைப் பற்றியும் கேட்கிறீர்கள். நம் ஷாபிஈ மத்ஹபின்படி, போய்ச் சேர்ந்த நாளும் புறப்படும் நாளும் நீங்கலாக, ஓரிடத்தில் முழுமையாக நான்கு நாட்கள் தங்க நிய்யத் வைத்தால் பயணிக்குரிய சலுகை நின்றுவிடும். அதற்குக் குறைவாக இருந்தால் ழுஹர், அஸர், இஷா ஆகியவற்றை இரண்டு ரக்அத்துகளாகச் சுருக்கலாம். ழுஹரை அஸருடனும் மஃரிபை இஷாவுடனும் சேர்த்தும் தொழலாம். ஆகவே ஒரே ஊரில் ஒரு வாரம் தங்குபவர்கள் முழுமையாக, அந்தந்த நேரத்தில் தொழ வேண்டும். படகுப் பயணத்தை வக்துக்கு ஏற்ப அமைத்துக்கொள்ளுங்கள். கடல் நீரால் வுழூச் செய்வது கூடும், அதில் ஐயம் வேண்டாம். ஆனால் தண்ணீர் புகாத வெயிற்காப்புப் பூச்சு தோலில் படையாக இருந்தால், கழுவி நீக்கிய பின்னரே வுழூச் செய்யுங்கள். நனைந்த ஆடை சுத்தமாக இருந்து, அவ்ரத்தையும் மறைத்தால் அதோடு தொழலாம். பெண்கள் பையில் ஒரு தொழுகை அங்கியை எடுத்துச் செல்வது இலகு.

பயணியர்க்கு அந்தக் கரை புதியதல்ல. தஞ்ஜாவில் 1304இல் பிறந்த இப்னு பதூதா, ஷாம் தேசத்திலிருந்து கப்பலேறி இதே கரையின் அலான்யாவில் இறங்கினார். அந்தல்யாவில் செருப்புத் தைக்கும் எளிய மனிதரொருவர் அவரை விருந்துக்கு அழைத்தார். இந்த ஏழையால் எப்படி முடியும் என்று அவர் தயங்கினார். அந்தச் செருப்புத் தொழிலாளியோ, பகலில் உழைத்ததை மாலையில் பயணியருக்குச் செலவிடும் 'அகி' சகோதரத்துவ அமைப்பின் தலைவர். அதே இப்னு பதூதா 1344இல் நமது இலங்கைக்கு வந்து, பாவா ஆதம் மலையிலும் சங்கிலி பிடித்து ஏறினார். துணிந்து பயணம் செய்வதும், பயணியை உபசரிப்பதும் நம் முன்னோரின் சொத்து.

எல்லோராலும் துருக்கி போக முடியாது. போக வேண்டியதும் இல்லை. கடன்பட்டுப் போவதும், பறந்த படத்தைப் பிறருக்குக் காட்டுவதற்காகவே போவதும் பாராட்டுக்குரியவையல்ல. கித்துல்கலையில் களனி கங்கையிலும் றப்பர் படகுகள் போகின்றன. நமக்கும் மலை உண்டு, நாலாபுறமும் கடல் உண்டு. அந்தக் கடலை அறியாத பெண் பிள்ளைகளாக நம் மக்களை வளர்த்துவிட்டோம் என்பதே என் கவலை.

2004 டிசம்பர் 26ஐ நாம் மறக்க முடியாது. ஆழிப்பேரலை நம் நாட்டில் 30,000க்கும் அதிகமானோரைக் கொண்டு சென்றது. கிழக்குக் கரையின் நமது ஊர்கள் எத்தனை ஜனாஸாக்களை அடக்கின! மௌத்தானவர்களில் ஆண்களை விடப் பெண்களும் பிள்ளைகளுமே அதிகம். அந்த அலையை நீச்சலால் வென்றிருக்கலாம் என்று யாரும் சொல்ல முடியாது. அஜலை எவரும் பிற்படுத்தவும் முடியாது. ஆனாலும், ஓடிப் பழகாத கால்களும், ஏறிப் பழகாத கைகளும், தண்ணீரைத் தொட்டறியாத உடலும் அன்று நமது பெண்களுக்குத் துணை நிற்கவில்லை என்பதைக் கரையோரத்துக் குடும்பங்கள் அறியும். ஒட்டகத்தைக் கட்டுவது என்பது இதையும் சேர்த்துத்தான்.

எனவே சகோதரியே, உங்கள் மகளிடம் இப்படிச் சொல்லுங்கள்: "மகள், பறக்கிறதில ஒரு வகை, பெண் ஓட்டுநர் இல்லாட்டி நமக்கு ஆகாது. மத்ததெல்லாம் ஆகும். ஏற்பாடு செய்றது வாப்பாவும் உம்மாவும் செய்ய வேண்டிய வேலை." இதை உங்கள் கணவரும் பக்கத்தில் இருக்கும்போது சொல்லுங்கள்.

பள்ளிவாசல் நிர்வாகங்களுக்கும் பெண்கள் மத்ரஸாக்களை நடத்துவோருக்கும் ஒரு வேண்டுகோள். நமது ஊர்களில் பெண் பிள்ளைகளுக்கென்று மறைவான ஒரு நீச்சல் தடாகமும், கற்றுக்கொடுக்க ஒரு பெண் ஆசிரியையும் இருந்தால் போதும். ஒரு தலைமுறைக்குள் நிலைமை மாறிவிடும். பெரிய மண்டபங்கள் கட்டும் நமக்கு இது முடியாத காரியமல்ல. பாடசாலை விடுமுறையில் நாளுக்கு ஒரு மணி நேரம் போதும். பத்து வயதுப் பிள்ளை சில வாரங்களில் மிதக்கவும் நீந்தவும் கற்றுக்கொள்வாள். தாய்மாரும் வெட்கப்படாமல் அவளோடு இறங்கட்டும்.

பலமுள்ள முஃமின்களாக நம் ஆண்மக்களையும் பெண்மக்களையும் அல்லாஹ் ஆக்கியருள்வானாக. தரையிலும் கடலிலும் நம்மைப் பாதுகாப்பானாக. ஆமீன், யா றப்பல் ஆலமீன்.